பாடநூலைத் திறந்து படித்த துறவி: அருட்சகோதரி ரோஸ் தெரிங் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில், தொமினிக்கன் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவர் முனைவர் பட்டத்துக்கான தம் ஆய்வை நிறைவு செய்தார். கத்தோலிக்கப் பள்ளிகளில் அன்று புழக்கத்திலிருந்த மறைக்கல்விப் (சமயக் கல்விப்) பாடநூல்கள், கத்தோலிக்கர் அல்லாத மனிதர்களை மாணவர்களுக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துகின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ரோஸ் தெரிங் என்று பின்னாளில் உலகம் அறிந்த அவர், துறவறப் பெயரான ரோஸ் ஆல்பர்ட் என்பதுடன் அந்த ஆய்வேட்டில் கையொப்பமிட்டிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1965 அக்டோபர் 28 அன்று, உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களோடு திருச்சபை கொள்ளும் உறவைப் பற்றி ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ என்ற அறிக்கையை வெளியிட்டது. இயேசுவின் பாடுகளின்போது, அதாவது அவர் துன்புற்றுச் சிலுவையில் இறந்தபோது, நிகழ்ந்தவற்றுக்கான பொறுப்பை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இன்றைய யூதர்மீதும் சுமத்த முடியாது என்று அதன் நான்காம் பிரிவு அறிவித்தது. ஒரு பட்ட ஆய்வேட்டுக்கும் உலகளாவிய திருச்சபையின் அறிக்கைக்கும் இடையே என்ன தொடர்பு இருந்தது, அந்த அறிக்கை வந்த பிறகு நாற்பது ஆண்டுகள் அவர் என்ன செய்தார், அவருடைய பணி எங்கே எல்லை கண்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சமயங்களுக்கிடையே புரிதல் உண்டாக உழைத்தவர்களில் பலர் பிற சமயத்தாரைச் சந்தித்துப் பேசுவதிலிருந்து தொடங்கினார்கள். தெரிங், தம் சமயம் தன் சொந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடத்தை வரி வரியாகப் படிப்பதிலிருந்து தொடங்கினார். சந்திப்பும் நட்பும் அதன் பிறகே வந்தன. அவருடைய பணி நிலைத்த பயனைத் தந்ததற்கு இந்த வரிசையே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

பின்புலம்

ரோஸ் எலிசபெத் தெரிங் 1920 ஆகஸ்ட் 9 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த கத்தோலிக்க விவசாயக் குடும்பம்; பதினொரு பிள்ளைகளில் அவர் ஆறாவது. ஊரே கத்தோலிக்க ஊர். யூதர் ஒருவரையும் அறியாமல் வளர்ந்த அச்சிறுமி, யூதர்களைப் பற்றி அறிந்ததெல்லாம் மறைக்கல்வி வகுப்பில்தான்: கிறிஸ்துவைக் கொன்றவர்கள் அவர்கள். நேரில் பார்த்தே இராத ஒரு மக்களைப் பற்றி, அவர்கள் செய்த குற்றத்தை மட்டும் அறிந்துகொள்வது என்பது அன்றைய கத்தோலிக்கப் பிள்ளைகள் பலருக்கும் வாய்த்த அனுபவம். பெரும்பாலானோருக்கு அது உறுத்தவில்லை. இந்தச் சிறுமிக்கு உறுத்தியது.

பதினாறாம் வயதில் அவர் அதே மாநிலத்தின் ரசீன் நகரிலிருந்த தொமினிக்கன் அருட்சகோதரிகளின் சபையில் சேர்ந்தார். அக்காலத்தின் சூழலையும் இங்கே கருத வேண்டும். 1930களின் பிற்பகுதியில் டெட்ராயிட் அருகே பணியாற்றிய சார்ல்ஸ் காக்லின் என்ற கத்தோலிக்கக் குரு, லட்சக்கணக்கானோர் கேட்ட தம் வானொலி உரைகளில் யூத வெறுப்பை வெளிப்படையாகப் பரப்பிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் நாசி ஆட்சி யூதர்களை வேட்டையாடத் தொடங்கியிருந்தது. காக்லின் போன்றவர்களின் வெறுப்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவது. அதை மறுக்கவும் தடுக்கவும் வழி இருந்தது. 1942இல் அவருடைய ஆயரே அவரை அரசியலிலிருந்து விலகச் சொல்லிப் பணித்தார். பள்ளிப் பாடநூலில் அமைதியாக அச்சாகியிருந்த வாக்கியத்தை எவரும் தடுக்கவில்லை. அதை எழுதியவர் தம்மை வெறுப்பாளர் என்று நினைத்திருக்கவும் மாட்டார்.

ரசீனிலும் பிற இடங்களிலும் ஆசிரியையாகப் பணியாற்றிக்கொண்டே தெரிங் படித்தார். 1953இல் ரசீனின் தொமினிக்கன் கல்லூரியில் இளங்கலைப் பட்டம், 1957இல் மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் கல்லூரியில் முதுகலைப் பட்டம், அதன்பின் இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பு. வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்று, தாம் கேள்விக்குள்ளாக்கப்போகும் அதே நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர் அவர். இந்த அனுபவம் ஆய்வின் தன்மையைத் தீர்மானித்தது என்று கருத இடமுண்டு: ஒரு வாக்கியம் ஆசிரியரின் குரலில் ஒலிக்கும்போது பிள்ளையின் மனத்தில் எப்படிப் பதியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கோட்பாடும் பாடமும்

தெரிங் எதிர்கொண்ட சிக்கலைச் சரியாக விளங்கிக்கொள்ள ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். யூத இனம் முழுவதும் கடவுளைக் கொன்ற குற்றத்துக்கு ஆளானது என்ற கருத்து பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ உலகில் மறையுரைகளிலும் ஓவியங்களிலும் பாடுகளின் நாடகங்களிலும் வேரூன்றியிருந்தது. ஆயினும் திருச்சபையின் அதிகாரபூர்வமான போதனை அப்படியே அதை ஏற்றிருந்தது என்று சொல்ல முடியாது. திரிதெந்து என்னும் பதினாறாம் நூற்றாண்டுத் திருச்சபைச் சங்கத்துக்குப் பின் 1566இல் வெளியான உரோமை மறைக்கல்வி நூல், கிறிஸ்துவின் சாவுக்குக் காரணம் பாவிகளான மனிதர் அனைவரும் என்றும், அறிந்தும் பாவம் செய்யும் கிறிஸ்தவர்களின் குற்றம் யூதர்களின் குற்றத்தைவிடப் பெரியது என்றும் கூறியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பள்ளி மாணவனுக்குக் கிடைத்த பாடத்தில் இந்தப் போதனை மறைந்துபோயிருந்தது. எஞ்சியது, எருசலேமின் கூட்டமும் அதன் கூச்சலும் அதன்மேல் விழுந்ததாகச் சொல்லப்பட்ட சாபமும்தான்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுவே. எழுதப்பட்ட கோட்பாடு ஒன்றாகவும், வகுப்பறையில் கற்பிக்கப்படுவது வேறொன்றாகவும் இருக்கும்போது, ஒரு சமயம் தன் கோட்பாட்டு நூல்களைக் காட்டித் தன்னைக் குற்றமற்றதாக நிறுவிக்கொள்ள முடியும். அந்தச் சமயத்தில் வளரும் பிள்ளையோ பாடநூலைத்தான் நம்புகிறது. தெரிங் கோட்பாட்டு விவாதத்தில் இறங்காமல் பாடநூலை எடுத்துக்கொண்டது, இந்த இடைவெளியைச் சான்றோடு காட்ட வழிசெய்தது.

ஆய்வு நடந்த விதம்

அந்த ஆய்வு தனிமனித முயற்சியாகத் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க யூதக் குழு என்னும் அமைப்பு, ஒவ்வொரு சமயமும் தன் பாடநூல்களைத் தானே ஆராய வேண்டும் என்ற முயற்சியை ஊக்குவித்தது. புராட்டஸ்டன்ட் பாடநூல்கள் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டன; யூதப் பாடநூல்களைப் பிலடெல்பியாவின் டிராப்சி கல்லூரி ஆராய்ந்தது; கத்தோலிக்கப் பாடநூல்களின் ஆய்வு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் இயேசு சபைக் குரு டிராஃபோர்ட் மாஹரின் வழிகாட்டுதலில் நடந்தது. அங்கே மூன்று அருட்சகோதரிகள் பணியைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் இலக்கியப் பாடநூல்களையும் இன்னொருவர் சமூகவியல் பாடநூல்களையும் எடுத்துக்கொள்ள, மறைக்கல்வி நூல்கள் தெரிங்கின் பங்காயின. மூன்றிலும் மிகக் கடினமான பங்கு அதுவே என்பதில் ஐயமில்லை, ஏனெனில் இலக்கிய நூலிலோ வரலாற்று நூலிலோ காணும் குறை ஓர் ஆசிரியரின் குறையாகப் போய்விடும், மறைக்கல்வி நூலில் காணும் குறையோ விசுவாசத்தின்மீதே கை வைப்பதாகத் தோன்றும்.

பிற சமயத்தார் ஆராய்ந்து குற்றம் சாட்டுவதாக இல்லாமல், அவரவர் தம் நூலைத் தாமே ஆராய்வது என்ற ஏற்பாடு நுட்பமானது. யூத அமைப்பு ஒன்று நேரடியாகக் கத்தோலிக்க நூல்களைக் குறைகூறியிருந்தால் அது எதிர்ப்பையே கிளப்பியிருக்கும். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், கத்தோலிக்கத் துறவி ஒருவர், கத்தோலிக்க நூல்களை ஆராய்ந்து சொல்வதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

ஆய்வு முறையும் நிதானமானது. பாடநூல்கள் பிற குழுக்களைப் பற்றிப் பேசும் இடங்களையெல்லாம் தொகுத்து, ஒரு குழு எவ்வளவு அடிக்கடி குறிப்பிடப்படுகிறது என்பதையும், அந்தக் குறிப்புகள் சாதகமாகவா பாதகமாகவா சாய்கின்றன என்பதையும் தனித்தனியே அளந்தார்கள். இனக்குழுக்களையும் பல்வேறு தேசத்தாரையும் பற்றிப் பேசும்போது நூல்கள் பெரும்பாலும் மதிப்புடனேயே பேசின. பிற சமயங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தொனி மாறிப் பாதகக் குறிப்புகள் மிகுந்தன. யூதர்களின் நிலை இன்னும் தனித்தன்மை வாய்ந்தது: கிறிஸ்தவ மீட்பு வரலாற்றிலிருந்து அவர்களைப் பிரித்துப் பேசவே முடியாது என்பதால் அவர்கள் நூல் முழுவதும் வந்துகொண்டே இருந்தனர். பாதகமான குறிப்புகள் சில கருப்பொருள்களைச் சுற்றியே திரண்டிருந்தன. யூதர்கள் இயேசுவைப் புறக்கணித்தார்கள். அவர்களே அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். அதற்காகக் கடவுளின் சாபத்துக்கு ஆளாகி உலகெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள். இயேசு காலத்து யூத சமயக் குழுவினரான பரிசேயர் அனைவரும் வெளிவேடக்காரர்கள். கடவுளையே கொல்லும் பெரும் பாவத்தை யூதர்கள் ஏன் செய்தார்கள் என்று மாணவரைக் கேட்கும் பயிற்சி வினாவும் இருந்தது. அந்த வினாவின் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: செய்தார்களா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை, குற்றம் முன்பே முடிவாகிவிட்டது, காரணத்தை எழுதுவது மட்டுமே பிள்ளையின் வேலை.

இந்த முடிவுகள் உடனே ஊரறிய வெளிவந்துவிடவில்லை. ஆய்வேடுகள் நூலகத்திலேயே இருக்க, அவற்றின் முடிவுகளைத் தொகுத்துப் பொதுவாசகருக்குக் கொண்டுவரும் பணியை 1973இல் ஜான் பாவ்லிகோவ்ஸ்கி என்ற குரு நிறைவேற்றினார். தன் வீட்டின் குறையை ஊருக்குக் காட்டத் தயங்குவது எந்தச் சமூகத்துக்கும் இயல்பு. அந்தத் தயக்கம் இருந்தும் ஆய்வை முடிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இடமளித்ததும் பதிவுசெய்யத் தக்கதே.

உரோமைக்குச் சென்ற வழி

ஆய்வின் முடிவுகள் அச்சேறுவதற்கு வெகு முன்பே உரோமையை எட்டின. இதற்கு முன்னோடியாக நின்றவர் ஜூல் இசாக். அவர் பிரான்ஸ் நாட்டின் யூத வரலாற்றாசிரியர்; அந்நாட்டின் பள்ளிகள் நெடுங்காலம் பயன்படுத்திய வரலாற்றுப் பாடநூல்களின் ஆசிரியரும் அவரே. நாசிகளுக்கு உடன்பட்ட விஷி அரசு அவரைக் கல்வித்துறைப் பதவியிலிருந்து நீக்கியது. அவருடைய மனைவியும் மகளும் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கிறிஸ்தவப் போதனையில் யூதரை இழிவுபடுத்தும் கூறுகள் எவை என்று ஆராய்வதையே அவர் தம் எஞ்சிய வாழ்நாளின் பணியாகக் கொண்டார். 1947இல் சுவிட்சர்லாந்தின் சேலிஸ்பெர்க்கில் கூடிய மாநாடு கிறிஸ்தவப் போதகர்களுக்காக வகுத்த பத்து நெறிகளுக்கு அவருடைய ஆய்வே அடித்தளம். 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான், புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து வழங்கிவந்த இழிவான அடைமொழியை நீக்கினார். 1960 ஜூன் 13 அன்று இசாக் அவரை நேரில் சந்தித்துத் தம் கோரிக்கையை முன்வைத்தார். அதன்பின் இப்பொருளைச் சங்கத்துக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு, ஜெர்மானிய விவிலிய அறிஞரான கர்தினால் அகஸ்டின் பேயாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

1961 ஜூன் மாதம் அமெரிக்க யூதக் குழு, கத்தோலிக்கப் போதனையில் யூதர் சித்திரிக்கப்படும் விதம் குறித்த குறிப்பாவணம் ஒன்றைக் கர்தினால் பேயாவிடம் அளித்தது. அதை ஆராய்ந்து எழுதியவர் ஜூடித் பாங்கி என்னும் யூதப் பெண்மணி. அதற்கான சான்றுகளில் முக்கியமானவை செயின்ட் லூயிஸ் ஆய்விலிருந்து பெறப்பட்டவை. ஒரு யூதப் பெண்ணும் ஒரு கத்தோலிக்கத் துறவியும் தத்தம் மேசையில் செய்த உழைப்பு, அவர்களில் எவருக்கும் வாக்குரிமை இல்லாத ஒரு சபையின் மேசையைச் சென்றடைந்தது. சங்கத்தில் பெண்கள் பார்வையாளராகவே 1964இல்தான் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டார்கள் என்பதை நினைவில் கொண்டால் இதன் அருமை விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ தெரிங்கின் ஆய்வால் பிறந்தது என்று சிலர் எழுதுவது மிகை. இசாக்கின் முறையீடு, பேயாவின் விடாமுயற்சி, யூத சமய அறிஞரான ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் அளித்த பரிந்துரைகள், யூதப் பிறப்பினரான ஜான் ஓஸ்டர்ரைக்கர், கிரெகரி பாம் ஆகிய குருக்களின் வரைவுப் பணி, அமெரிக்க ஆயர்களின் உறுதியான ஆதரவு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த அறிக்கை உருவானது. தெரிங்கின் ஆய்வு தந்தது வேறொன்று: யூத வெறுப்பு இடைக்காலத்தோடு முடிந்த பழங்கதை என்று வாதிட்டவர்களுக்கு, அது அன்றைய அமெரிக்கப் பள்ளியில் அந்த ஆண்டுப் பாடநூலில் இருக்கிறது என்ற மறுக்க முடியாத சான்று. அமெரிக்க ஆயர்களுள் முன்னணியில் நின்று 1964இல் சங்கத்தில் யூதர் பற்றிய பகுதியை வலியுறுத்திப் பேசியவர்களில் ஒருவர் செயின்ட் லூயிஸ் பேராயரான கர்தினால் ஜோசப் ரிட்டர். 1947இலேயே தம் மறைமாவட்டப் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்தவர் அவர். பள்ளியின் வழியாகவே மனம் மாறும் அல்லது கெடும் என்ற உணர்வு அந்நகரத்துக் கத்தோலிக்கரிடையே வலுவாக இருந்திருக்கிறது.

வரைவு எளிதாக நிறைவேறவில்லை. 1962இல் அரசியல் நெருக்கடியால் அது நிகழ்ச்சி நிரலிலிருந்தே நீக்கப்பட்டது. அரபு நாட்டு அரசுகள் அதை இஸ்ரேலுக்கான ஆதரவாகக் கண்டன. அந்நாடுகளில் சிறுபான்மையாக வாழ்ந்த கிறிஸ்தவர்களின் பாதுகாப்பை எண்ணி, அப்பகுதித் திருச்சபைகளின் தலைவர்களான கீழை முதுபெரும் தந்தையர் கவலைப்பட்டனர். மரபுவாத ஆயர்கள் கோட்பாட்டு அடிப்படையில் எதிர்த்தனர். இறுதி வடிவத்தில் கடவுட்கொலை என்ற சொல்லை வெளிப்படையாக மறுக்கும் தொடர் விடுபட்டது. யூத வெறுப்பைக் கண்டிக்கும் சொல்லும் மென்மையாக்கப்பட்டது. ஆயினும் சாரம் நின்றது. 2,221 பேர் ஆதரவாகவும் 88 பேர் எதிராகவும் வாக்களித்தனர்.

அறிக்கைக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள்

சங்கம் முடிந்ததும் வெற்றி கிடைத்துவிட்டது என்று பலர் அமைதியடைந்த இடத்திலிருந்துதான் தெரிங்கின் நீண்ட பணி தொடங்குகிறது. அவருடைய வாழ்வில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தப் பகுதியையே. ஆய்வேடு எழுதும் ஆண்டுகளில் ஆர்வம் தானாக வரும். அறிக்கை ஒன்றைப் பாடத்திட்டமாக, ஆசிரியப் பயிற்சியாக, சட்டமாக மாற்றும் வேலைக்கு ஆர்வத்தோடு பொறுமையும் வேண்டும்.

1968இல் அவர் நியூ ஜெர்சி மாநிலம் சவுத் ஆரஞ்சிலுள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே யூத, கிறிஸ்தவ ஆய்வுகளுக்கான நிறுவனத்தை 1953இல் தோற்றுவித்தவர் முன்பு குறிப்பிட்ட ஓஸ்டர்ரைக்கர். யூதராகப் பிறந்து கத்தோலிக்கக் குருவான அவர் தம் பெற்றோரை நாசிக் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். அறிக்கையை வரைந்தவர்களில் ஒருவரும், அதற்குச் சான்று தேடித் தந்தவர்களில் ஒருவரும் ஒரே நிறுவனத்தில் பணியாற்ற நேர்ந்தது. தெரிங் கல்வியியல் துறையில் கற்பித்ததோடு, கத்தோலிக்க ஆசிரியர்களுக்கும் திருச்சபைத் தலைவர்களுக்கும் யூத சமயம் குறித்த பயிலரங்குகளை இடைவிடாமல் நடத்தினார். யூத சமயத்தைக் கிறிஸ்தவத்துக்கு முன்னுரையாக மட்டும் காணாமல், இன்றும் வாழும் ஒரு விசுவாச மரபாக அறிமுகப்படுத்துவது அப்பயிலரங்குகளின் நோக்கம். மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை இஸ்ரேலுக்கு அழைத்துச் சென்றார். சிலுவையும் தாவீதின் விண்மீனும் இணைந்த பதக்கம் ஒன்றை அவர் கழுத்தில் அணிந்திருப்பார்.

1974இல் அவர் வத்திக்கானில் திருத்தந்தை 6ஆம் பவுலிடம் யூத வழிபாட்டின் ஏழுகிளை விளக்கான மெனோராவை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான், ‘நோஸ்த்ரா ஏதாத்தே’யின் நான்காம் பிரிவை நடைமுறைப்படுத்துவதற்கான வழிகாட்டி நெறிகளை வத்திக்கான் வகுத்தது; யூதர்கள் தம் சமய அனுபவத்தின் வழியே தம்மை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கிறிஸ்தவர்கள் கற்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. மறையுரையிலும் மறைக்கல்வியிலும் யூதரைச் சரியாக எடுத்துரைப்பது குறித்த குறிப்புகள் 1985இல் வந்தன. அறிக்கை வெளியாகி இருபது ஆண்டுகள் கழித்தும் இத்தகைய விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது என்பதே, பாடநூலில் ஒரு வாக்கியத்தை மாற்றுவது எவ்வளவு மெதுவான வேலை என்பதைக் காட்டுகிறது. 1970களில் யூஜின் ஃபிஷர் என்ற கத்தோலிக்க அறிஞர் சங்கத்துக்குப் பிந்தைய மறைக்கல்வி நூல்களை மீண்டும் ஆராய்ந்தபோது, நிலைமை பெரிதும் மேம்பட்டிருப்பதையும், பரிசேயரைப் பற்றியும் சிலுவைச் சாவைப் பற்றியும் பேசும் இடங்களில் மட்டும் பழைய சித்திரம் எஞ்சியிருப்பதையும் கண்டார். தெரிங் அடையாளம் கண்ட கருப்பொருள்களில் எவை விரைவில் கரைந்தன, எவை பிடிவாதமாக நின்றன என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் காணலாம். இனிமேல் செய்யப்படும் எந்தச் சீர்திருத்தத்துக்கும் இப்படி முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் வாய்ப்பு பேருதவியாக இருக்கும்.

வகுப்பறைக்கு வெளியேயும் அவர் அடக்கமாக இருந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் முன்னாள் பொதுச் செயலாளரான குர்ட் வால்ட்ஹைம், போரின்போது பால்கன் பகுதியில் ஜெர்மானியப் படையில் ஆற்றிய பணியை மறைத்தது வெளிப்பட்ட பின்பும் 1986இல் ஆஸ்திரியாவின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, ரபி ஆவி வைஸுடன் வியன்னாவுக்கே சென்று எதிர்ப்புத் தெரிவித்தார் தெரிங். அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு கத்தோலிக்கத் துறவி, பெரும்பான்மைக் கத்தோலிக்க நாடொன்றின் தலைநகரில் அப்படி நின்றது எளிய செயல் அன்று. மறு ஆண்டு திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் வால்ட்ஹைமை வத்திக்கானில் வரவேற்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தம் திருச்சபையின் தலைமை செல்லும் திசையோடு மாறுபடவும் அவர் அஞ்சவில்லை என்பது புலப்படும். அதே 1987இல் சோவியத் நாட்டு யூதர்கள் நடத்தப்படும் விதத்தை எதிர்த்து அங்கேயும் சென்றார். இவ்வளவுக்கும் அவர் துறவற வார்த்தைப்பாட்டை விட்டு விலகவில்லை. வாழ்நாள் இறுதிவரை ரசீன் தொமினிக்கன் சபையின் உறுப்பினராகவே இருந்தார். வெளியேறிச் சென்று விமர்சிப்பதைவிட உள்ளே இருந்துகொண்டு விமர்சிப்பது கடினமானது; கேட்பவருக்கும் அது கூடுதலாக உறைக்கும்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் அவர் விட்டுச்சென்ற தடம் சட்ட வடிவிலானது. யூத இனப்படுகொலைக் கல்விக்கான மாநில ஆணையத்தில் உறுப்பினராக இருந்து அவர் உழைத்ததன் பயனும் சேர்ந்து, 1994இல் அம்மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் யூத இனப்படுகொலை, பிற இனப்படுகொலைகள் ஆகியவற்றைக் கற்பிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பாடநூலில் இருந்த தவறான வாக்கியத்தை எடுப்பதில் தொடங்கிய பணி, பாடத்திட்டத்தில் இல்லாத உண்மையைச் சேர்ப்பதில் வந்து நின்றது. 1993இல் அவருடைய பெயரால் சீட்டன் ஹாலில் நிறுவப்பட்ட அறக்கட்டளை, இத்துறையில் பட்ட மேற்படிப்பு மேற்கொள்ளும் பள்ளி ஆசிரியர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. உதவியைப் பெறுபவர்கள் ஆசிரியர்கள் என்பதில்தான் அவருடைய முத்திரை இருக்கிறது.

பணியின் எல்லைகள்

இவ்வாழ்வை ஆராயும்போது தவிர்க்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. யூத சமயத்தின்மீது அவர் கொண்ட மதிப்பு இஸ்ரேல் நாட்டின் மீதான உறுதியான ஆதரவாகவும் வடிவெடுத்தது. அமெரிக்காவில் இஸ்ரேலை ஆதரிக்கும் கிறிஸ்தவத் தலைவர்களின் கூட்டமைப்பில் அவர் முன்னின்று செயல்பட்டார். 1993 டிசம்பர் இறுதியில் வத்திக்கானும் இஸ்ரேலும் அடிப்படை உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அவரைப் போன்றோரின் நெடுநாள் விருப்பம் நிறைவேறியதாக அமைந்தது. யூதர்களுக்கு நாடும் பாதுகாப்பும் வேண்டும் என்ற அவருடைய உணர்வுக்கு இருபதாம் நூற்றாண்டின் வரலாறே போதுமான நியாயம். ஆயினும் அதே மண்ணில் வாழும் பாலஸ்தீன மக்களின், அவர்களுள் கிறிஸ்தவர்களின் துயரம் அவருடைய பணியில் அதே அழுத்தத்தோடு இடம்பெறவில்லை. சங்கத்தில் கீழை முதுபெரும் தந்தையர் எழுப்பிய கவலைக்கு அறிக்கையும் முழு விடை தரவில்லை. தெரிங்கின் வாழ்வும் தரவில்லை. ஒரு சமயத்தை மதிப்பதும் ஒரு நாட்டின் கொள்கைகளை ஆதரிப்பதும் தனித்தனியானவை என்ற தெளிவு, இத்துறையில் அவருக்குப் பின் வருபவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இன்னொன்று, அவருடைய உழைப்பு பெரும்பாலும் ஒரே ஒரு சமய உறவைச் சார்ந்தது. இந்து, பௌத்த, இஸ்லாமிய மரபுகளைப் பற்றியும் ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ பேசுகிறது. அவை தெரிங்கின் களமாக இருக்கவில்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. கிறிஸ்தவம் யூதரைப் பற்றிச் சொல்லிவந்தது அதன் சொந்தக் கதையின் உள்ளேயே பின்னப்பட்டது. அதை அவிழ்க்க ஒரு முழு வாழ்நாள் வேண்டியிருந்தது. ஆனால் அவர் கையாண்ட முறைக்கு, தன் பாடநூலைத் தானே எடுத்து, பிறரைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பட்டியலிட்டு எடைபோடும் அந்த முறைக்கு, இத்தகைய எல்லை எதுவும் இல்லை. எந்தச் சமயமும், எந்த மொழியின் பள்ளியும் அதை எடுத்தாளலாம். எடுத்தாண்டவர்கள் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

இறுதி ஆண்டுகள்

2004இல் அவதூறு எதிர்ப்புக் கழகம் என்னும் யூத அமைப்பு, கர்தினால் பேயாவின் பெயரால் வழங்கும் விருதை அவருக்கு அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அவரைப் பற்றி அதே ஆண்டு வெளியான குறும் ஆவணப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இயேசுவின் பாடுகளைப் பற்றிய பெரும் திரைப்படம் ஒன்று உலகெங்கும் திரையிடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. யூதர்மீதான பழைய பழியை அது மீண்டும் உயிர்ப்பிக்கும் என்ற கவலையை, எண்பத்து மூன்று வயதில், உடல் நலிந்திருந்த நிலையிலும் அவர் வெளிப்படையாகப் பேசினார். பாடுகளை நாடகமாகக் காட்டுவோருக்கு அமெரிக்க ஆயர்கள் 1988இலேயே நெறிமுறைகளை வகுத்திருந்தனர். நற்செய்தி நூல்களில் தத்தம் விருப்பத்துக்கேற்பப் பகுதிகளைத் தேர்ந்து ஒட்டவைத்து யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டக் கூடாது என்பது அவற்றின் சாரம். தெரிங் தம் ஆய்வேட்டில் பாடநூல்களிடம் கண்ட குறையும் ஏறத்தாழ அதுவேதான்.

2005இல் அவர் ரசீனிலுள்ள தம் சபை இல்லத்துக்குத் திரும்பினார். அங்கேயே 2006 மே 6 அன்று, சிறுநீரகச் செயலிழப்பால், 85ஆம் வயதில் காலமானார். அவருடைய பெயரிலான அறக்கட்டளை சீட்டன் ஹாலில் ஆசிரியர்களுக்கான வகுப்புகளையும் உதவித்தொகையையும் தொடர்ந்து நடத்திவருகிறது.